அமெரிக்கச் சின்ன ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள், நாடகக்காரர்கள்: அவர்களை முதலில் மேடையேற்றியது யார்?

அரங்கவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பழைய ஹாலிவுட் இழையில் ஜேம்ஸ் டீன் பேச்சு வந்தப்போ ஒரு நண்பர், "இண்டியானா பட்டிக்காட்டிலிருந்து நேரா ஹாலிவுட்டில் வந்து குதித்த பையன்" என்று எழுதியிருந்தார். அந்த வரி எனக்குள் உறுத்திக்கிட்டே இருக்கு. நேரா வந்து யாரும் குதிப்பதில்லை. நடுவில் யாரோ ஒருத்தர் கையைப் பிடித்து மேடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

1931 ஜனவரி 17, மிசிசிப்பி மாநிலம் ஆர்க்கபட்லா: ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பிறக்கிறார். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 8, இண்டியானா மாநிலம் மேரியன்: ஜேம்ஸ் டீன். ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். இருவருமே பெற்றோரிடம் வளரவில்லை. ஜோன்ஸை அம்மாவழித் தாத்தா பாட்டி அழைத்துக்கொண்டு வடக்கே மிச்சிகனில் டப்ளின் என்ற ஊர்ப்பக்கம் பண்ணை வைத்துக் குடியேறினார்கள். டீனுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா கலிபோர்னியாவிலேயே இருந்துவிட்டார். அம்மாவின் சவப்பெட்டி போன அதே ரயிலில்தான் பையனும் இண்டியானாவுக்குத் திரும்பினான். ஃபேர்மவுண்ட் பக்கத்துப் பண்ணையில் அத்தையும் மாமாவும் வளர்த்தார்கள்.

மிச்சிகன் போன பிறகு ஜோன்ஸுக்குத் திக்குவாய் வந்தது. கிட்டத்தட்ட எட்டு வருஷம் வெளி ஆட்களிடம் வாயே திறக்கவில்லை. பிரெத்ரன் ஊர்ப் பள்ளியில் டொனால்ட் க்ரௌச் என்று ஓர் ஆங்கில ஆசிரியர். இந்தப் பையன் ரகசியமாகக் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்தார். அரசு நிவாரணத்தில் ஊருக்கு கிரேப்ஃப்ரூட் பழம் வந்திருந்தது, நம்ம பம்பளிமாஸுக்குப் பங்காளி. பையன் அந்தப் பழத்தைப் பற்றி எழுதியிருந்தான். ஆசிரியர் படித்துவிட்டு, "இவ்வளவு நல்லா இருக்கே, நீதான் எழுதினியா? அப்படின்னா வகுப்புக்கு முன்னால நின்னு பார்க்காமச் சொல்லு" என்கிற மாதிரி ஒரு கொக்கியைப் போட்டார். பையன் எழுந்து நின்று சொன்னான். திக்கவில்லை. பிற்காலத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ பட வில்லன் டார்த் வேடருக்குக் கிடைத்த குரல் அதுதான்.

ஃபேர்மவுண்ட் பள்ளியில் டீனுக்கு அமைந்தவர் அடலின் புரூக்ஷயர் என்ற நாடக ஆசிரியை. டிக்கன்ஸ் எழுதிய ஒரு பைத்தியக்காரனின் தன்கூற்றை அவனுக்குப் பயிற்றுவித்து, 1949-ல் மாநிலப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு. தேசியப் போட்டிக்கு கொலராடோவின் லாங்மாண்ட் வரைக்கும் போய் ஆறாவது இடம். அதே 1949-ல்தான் ஜோன்ஸும் பள்ளியை முடித்தார்.

ஊரின் காற்று, மண், வெள்ளந்தித்தனம் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆசிரியர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களைச் சொல்லுங்க. ஊர்ப் பேர் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீங்க, அங்கே யார் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்க.

---

நெல்லைச்சீமை

அருமையான தொடக்கம் சார். ஹென்றி ஃபோண்டாவைச் சேர்த்துக்குங்க. பிறந்தது நெப்ராஸ்காவில் கிராண்ட் ஐலண்ட், வளர்ந்தது ஒமாஹா. 1925-ல் அவருக்கு இருபது வயது. ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸ் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஒரு நாடகத்துக்கு இளைஞன் வேஷத்துக்கு ஆள் இல்லை. அவருடைய அம்மாவின் சிநேகிதி ஒருவர் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினார். அந்த அம்மா பெயர் டோரதி பிராண்டோ. அப்போ அவர் வீட்டில் ஒரு வயதுக் கைக்குழந்தை, பெயர் மார்லன்! பிற்காலத்து நடிகர் மார்லன் பிராண்டோதான்.

ஃபோண்டாவின் அப்பாவுக்கு இந்த நாடக ஆசை கொஞ்சமும் பிடிக்கவில்லை, வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோன மாதிரி. ஒரு நாள் குடும்பத்தோடு வந்து பையன் கதாநாயகனாக நடித்ததைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தங்கச்சி ஏதோ ஒரு சின்னக் குறை சொல்ல ஆரம்பித்ததும், பேப்பருக்குப் பின்னாலிருந்து, வாயை மூடு, அவன் செய்ததில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு குரல். ஃபோண்டாவே சொன்ன கதை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்குது.

---

பாலாறு

ஒமாஹாவைச் சின்ன ஊர் கணக்கில் சேர்க்க முடியாது நண்பரே. அந்தக் காலத்திலேயே இரண்டு லட்சம் ஜனம். அதை விட்டால் கதை நல்ல கதை.

கடைத்தெருவிலிருந்து ஒன்று நான் தருகிறேன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 1908, ஊர் பெயரே இண்டியானா, ஆனால் பென்சில்வேனியா மாநிலத்தில். அப்பா வைத்திருந்தது இரும்புக்கடை. ஆணி, கயிறு, மண்வெட்டி எல்லாம் விற்கிற கடை. கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஈடாக யாரோ ஒரு வாடிக்கையாளர் கொடுத்த அக்கார்டியனை வைத்துத்தான் பையன் வாசிக்கப் பழகினான். 1941-ல் ஆஸ்கர் கிடைத்ததும் அப்பா போன் போட்டு, ஏதோ பரிசு வாங்கினாயாமே, இங்கே கொண்டு வா, கடை ஜன்னலில் வைக்கலாம் என்றார். வருஷக்கணக்கில் அந்தச் சிலை இரும்புக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் நின்றது.

---

யாழ்மைந்தன்

அரங்கவாசி அண்ணை, ஆசிரியர்தான் முக்கியம் எண்டு நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் ஆசிரியர் ஒருவர் கூட்டிக்கொண்டு போறதுக்கு ஒரு மண்டபம் வேணுமே. நான் அதைப் பற்றிச் சொல்லுறன்.

வர்ஜீனியா மலைப்பக்கம் அபிங்டன் எண்டு ஒரு சின்ன ஊர். அந்தப் பக்கத்தில் வளர்ந்த ராபர்ட் போர்ட்டர்ஃபீல்ட் நியூயோர்க்கில் நடிகர். 1930-களின் பஞ்சத்தில் பிராட்வே (நியூயோர்க்கின் பெரிய நாடக அரங்குகள்) நடிகர்களுக்கு வேலையில்லை, சாப்பாடில்லை. தன் ஊர்ச் சனத்திடம் கறி, காய், பால் எல்லாம் இருக்கு, காசுதான் இல்லை எண்டது அவருக்குத் தெரியும். 1933 ஜூன் 10 அபிங்டனில் பார்ட்டர் தியேட்டர் திறந்தது. பார்ட்டர் எண்டால் பண்டமாற்று. டிக்கெட் 40 சென்ட், இல்லையெண்டால் அதே மதிப்புக்குத் தோட்டத்தில் விளைஞ்சது எதுவும் கொண்டு வரலாம். சனம் கோழி, முட்டை, பால், பன்றிக்குட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிண்டது. முதல் பருவம் முடிய மிஞ்சின காசு 4 டொலர் 35 சென்ட், இரண்டு பீப்பாய் ஜெலி. நடிகர் எல்லாரும் சேர்ந்து 300 பவுண்டுக்கு மேல் எடை கூடியிருந்தினமாம்.

நாடகாசிரியர்களுக்கு உரிமைத்தொகையாக ஒரு பன்றித்தொடை அனுப்புவினம். பெர்னார்ட் ஷாவுக்கும் போனது. அவர் மரக்கறி உண்பவர், திருப்பி அனுப்பிப்போட்டுக் கீரை கேட்டார். கீரையும் போனது.

இந்த மேடையில் தேறினவை கிரெகரி பெக், ஏர்னஸ்ட் போர்க்னைன், பற்றீசியா நீல். நீல் பிறந்த இடம் கென்டக்கியில் பக்கார்ட் எண்ட நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பு. சுரங்கம் மூட ஊரும் அழிஞ்சு போச்சு, இப்ப அங்க ஆள் நடமாட்டம் இல்லை. ஊர் இல்லாமல் போன ஒரு பிள்ளைக்கு இன்னொரு சின்ன ஊர் மேடை கொடுத்திருக்கு. எனக்கு இது சும்மா கடந்து போகிற விசயமில்லை.

---

வேணி

எல்லாரும் நல்ல பக்கத்தையே எழுதுறீங்க. நான் வில்லியம் இஞ்சைக் கொண்டு வரணும். என் முதுகலை ஆய்வேடு அவர் நாடகங்கள்மேல்தான், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

கன்சாஸ் மாநிலம் இண்டிபெண்டன்ஸ், 1913. அப்பா ஊர் ஊராய்ப் போகும் விற்பனைக்காரர், வாரக்கடைசியில்தான் வீடு. அம்மா வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். இஞ்ச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூன்று பள்ளி ஆசிரியைகள் அங்கே தங்கியிருந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்கள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், சிரிப்பு நின்றதும் முகம் எப்படி ஆகிறது என்பதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. 1953-ல் புலிட்சர் பரிசு வாங்கிய ‘பிக்னிக்’ நாடகத்துக்கு விதை அதுதான்.

யாழ்மைந்தன் மண்டபம் என்றார். இண்டிபெண்டன்ஸிலும் 2000 பேர் உட்காரும் மெமோரியல் ஹால் இருந்தது. அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு அவ்வளவு பெரிய மண்டபம் என்று நானும் யோசித்திருக்கிறேன். கன்சாஸ் சிட்டியில் ஆடிவிட்டு துல்சாவுக்கு ரயிலேறும் நாடகக் குழுக்கள் நடுவில் ஒரு ராத்திரி இங்கே இறங்கி ஆடும். சாரணர் கூட்டமும் வாராவாரம் அதே கட்டடத்தில்தான். கூட்டம் முடிந்ததும் பையன்கள் மேல்மாடத்துக்கு ஏறிப்போய் நாடகம் பார்ப்பார்கள். அதில் இஞ்சும் ஒருவர். ஆக, கன்சாஸ் பையனுக்கு பிராட்வே நாடகத்தைக் காட்டியது ஒரு ரயில் பாதை.

ஆனால் அதே ஊர் அவரை மூச்சு முட்ட வைத்தது. அவர் ஆண்களை நேசித்தவர். அதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம், ஊர். யார் வீட்டுக்கு யார் போனார் என்பது மறுநாள் எல்லாருக்கும் தெரியும். அவர் நாடகங்களில் வராந்தாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். பார்க்கிறவர்களின் ஏக்கத்தையும் பார்க்கப்படுகிறவர்களின் பயத்தையும் ஒரே காட்சியில் வைப்பார். இரண்டுமே அவர் அனுபவித்தது.

1950-லிருந்து 1957-க்குள் பிராட்வேயில் நான்கு நாடகங்கள், நான்கும் வெற்றி. 1961-ல் வந்த படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர், அதுவும் கன்சாஸ் கதை. அதற்கு முன்பே 1959-ல் ஒரு நாடகம் விழுந்திருந்தது. அந்த அடியிலிருந்து அவர் எழவே இல்லை. 1973 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அரங்கவாசி சார், உங்க கேள்வியில் ஒரு பாதி விட்டுப்போச்சு. கையைப் பிடித்து மேடைக்கு அனுப்புகிறவர் வேணும், சரி. அனுப்பின பிறகு இவங்களில் எத்தனை பேரால் தலை நிமிர்ந்து ஊருக்குத் திரும்ப முடிந்தது? அதையும் கேட்கணும்.

---

அரங்கவாசி

வேணி, நீங்க சொன்னது சரி. நான் பாதியில் நின்றுவிட்டேன். டீனும் 1955 தொடக்கத்தில் டென்னிஸ் ஸ்டாக் என்ற புகைப்படக்காரரோடு ஃபேர்மவுண்ட் போய், பண்ணையிலும் தெருவிலும் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஊர்க்கடையில் சவப்பெட்டிக்குள் உட்கார்ந்துகூட ஒரு படம் உண்டு. அந்த செப்டம்பர் 30-ல் கார் விபத்து. அடுத்த முறை ஊருக்கு வந்தது அடக்கத்துக்குத்தான்.

திரும்பிப் போய் வாழ்ந்தவர்கள் யாராவது உண்டா?

---

மிச்சிகன் வாசி

உண்டு சார். எங்க பக்கத்திலேயே இருக்கார்.

நான் ஆன் ஆர்பரில் இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. மேற்கே காரில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் போனா செல்சீ. ஊர் வருவதற்கு முன்னாடியே ஜிஃபி மாவு ஆலையின் உயரமான வெள்ளைக் குதிர்கள் தெரியும். (அமெரிக்காவில் இருக்கிறவங்களுக்கு அந்த நீல வெள்ளை மஃபின் டப்பா தெரிந்திருக்கும், அது இங்கேதான் தயாராகுது.) ஜெஃப் டேனியல்ஸ் வளர்ந்த ஊர் இது. அப்பாவுக்கு இங்கே மரவாடி. பள்ளியில் ஒரு பாட்டு ஆசிரியை, பேசும்போதே கால்சட்டை அவிழ்ந்து விழுகிற அரசியல்வாதியாக நடித்துக் காட்டு என்று ஆறாம் வகுப்புப் பையனிடம் சொல்லியிருக்கார். வகுப்பு சிரித்த சிரிப்பில் பையனுக்கு வழி தெரிந்துவிட்டது.

1976-ல் நியூயார்க் போய் சர்க்கிள் ரெபர்டரி நாடகக் குழுவில் சேர்ந்தார், படங்கள் வந்தன. 1986-ல் மனைவி குழந்தையோடு செல்சீக்கே திரும்பிட்டார். ஏஜெண்ட் இருக்கிற ஊரை விட்டுட்டு இப்படிப் போனா தொழில் முடிஞ்சதுன்னுதான் அந்தத் தொழிலில் எல்லாரும் நினைப்பாங்க. 1991-ல் தாத்தா ஒருகாலத்தில் வைத்திருந்த பழைய வண்டிக் கொட்டகையில் பர்ப்பிள் ரோஸ் தியேட்டரைத் தொடங்கினார். 1985-ல் தான் நடித்த உடி ஆலன் படத்தின் பெயரிலிருந்து எடுத்த பெயர்.

உள்ளே 168 இருக்கை, மேடைக்கு மூன்று பக்கமும். முதல் வரிசையில் உட்கார்ந்தா காலை நீட்ட யோசிக்கணும், மேடையும் தரையும் அவ்வளவு நெருக்கம். நான் போன முதல் நாள் ஒரு நடிகை காபி ஊற்றுகிற காட்சி. நிஜக் காபி. வாசனை எங்க வரிசைக்கு வந்தது. ஊற்றும்போது அவங்க கை லேசா நடுங்கினது, அது வேஷத்துக்கு உண்டான நடுக்கம்னு அடுத்த காட்சியில்தான் புரிஞ்சுது. பக்கத்தில் ஒரு எழுபது வயது விவசாயி, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைச்சிருந்தார். இடைவேளையில் என்கிட்ட, "இது எங்க பக்கத்து வீட்டுக் கதை மாதிரியே இருக்கு" என்றார்.

இங்கே போடுவதில் பெரும்பகுதி புது நாடகங்கள், நிறைய மிச்சிகன் கதைகள். டேனியல்ஸே எழுதிய ‘எஸ்கனாபா இன் டா மூன்லைட்’ 1995-ல் இங்கேதான் முதலில் மேடையேறியது. வடக்குத் தீபகற்பத்தில் மான் வேட்டைக் கொட்டகைக்குள் நடக்கிற கதை. நவம்பர் 15 வேட்டைப் பருவம் திறக்கிற நாள்னா இங்கே ஆபீசில் பாதி ஆள் இருக்காது, அப்படிப்பட்ட மாநிலம். நியூயார்க்கில் இதைப் போட்டிருந்தா முதல் அரைமணி நேரம் விளக்கம் சொல்லவே சரியா இருக்கும். இங்கே திரை விலகின உடனே சிரிப்பு.

---

பாலாறு

இப்படி ஒருவர் இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைக்கு நியூயார்க் போக வேண்டிய அவசியமே இல்லை. என்னைக் கேட்டால் ஆஸ்கரைவிடப் பெரிய காரியம்.

---

செவ்வந்தி

வேணி அக்கா எழுதியதைப் படித்ததும் ட்ரேசி லெட்ஸ் நினைவு வந்தது. ஓக்லஹோமாவில் டுரண்ட். அப்பா டென்னிஸ் லெட்ஸ் அந்த ஊர்க் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர், பிறகு நடிகர். அம்மா பில்லி லெட்ஸ் நாவலாசிரியர். ட்ரேசிக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மாவைப் பெற்ற தாத்தா தண்ணீரில் இறங்கி உயிரை விட்டார். அந்த வீட்டுத் துக்கத்தை ட்ரேசி முப்பது வருஷம் சுமந்து, 2007-ல் ‘ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி’ நாடகமாக எழுதினார், கதை நடப்பது பஹஸ்கா ஊருக்கு வெளியே ஒரு வீட்டில். சிகாகோவில் ஸ்டெப்பன்வுல்ஃப் குழு மேடையேற்றியது.

அந்தத் தாத்தாவின் வேஷத்தை, அதாவது தன் மாமனாரின் சாயலில் எழுதப்பட்ட ஆளை, டென்னிஸ் லெட்ஸே நடித்தார். முதல் காட்சியில் மட்டும் வந்து நிறைய பேசிவிட்டுப் போகிற வேஷம். அப்புறம் மூன்று மணி நேரமும் அவர் இல்லாத வீடுதான் நாடகம். 2007 செப்டம்பரில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனாலும் பிராட்வே போய் நடித்தார். 2008 பிப்ரவரியில் இறந்தார். மகனுக்குப் புலிட்சர் என்ற செய்தி ஏப்ரலில் வந்தது.

அப்பா இல்லாத மேடையில் மற்றவர்கள் அந்த வீட்டைத் தொடர்ந்து ஆடியிருப்பார்கள் இல்லையா. எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

---

நெல்லைச்சீமை

ஸ்டெப்பன்வுல்ஃப் என்றதும் ஒன்று. ஜான் மால்கோவிச் இல்லினாயில் பெண்டன், ஜோன் ஆலன் ரோஷெல், லாரி மெட்காஃப் எட்வர்ட்ஸ்வில். எல்லாம் இல்லினாய் மாநிலத்துச் சின்ன ஊர்கள். இவர்கள் படித்தது பெரிய பெயர் உள்ள நாடகப் பள்ளிகளில் இல்லை, அந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில். குழு தொடங்கிய காலத்தில் ஹைலண்ட் பார்க்கில் ஒரு சர்ச் பள்ளியின் நிலவறையில் 88 இருக்கை போட்டு நடித்தார்கள். கைக்கு எட்டுகிற கட்டணத்தில் நாடகத் துறை உள்ள ஒரு கல்லூரி என்பதும் அந்த "ஒருத்தர்" கணக்கில் வரும்.

---

வேணி

நெல்லைச்சீமை, இது முக்கியமான புள்ளி. செவ்வந்தி, நன்றிம்மா.

ஒரு பதில் பாக்கி இருக்கு. வெளியே இருந்தபடியே ஊரை விடாதவர் ஹார்ட்டன் ஃபூட். டெக்சாஸ் வார்ட்டன், 1916, அப்பாவுக்குத் துணிக்கடை. நடிகனாகத்தான் கிளம்பினார். நியூயார்க்கில் ஒரு குழுவில், டெக்சாஸ் நினைவை வைத்து ஏதோ இட்டுக்கட்டி நடித்துக் காட்டியதைப் பார்த்த நடன இயக்குநர் ஆக்னஸ் டி மில், எழுதிப் பார்க்கலாமே என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு வாழ்நாள் எழுத்து. வார்ட்டனுக்கு ஹாரிசன் என்று பெயர் வைத்து அறுபது வருஷத்துக்கு மேல் எழுதினார். இரண்டு ஆஸ்கர், 1995-ல் புலிட்சர். பெற்றோர் வீட்டைக் கடைசிவரை தன் வசமே வைத்திருந்து அங்கே போய் உட்கார்ந்து எழுதுவார்.

இஞ்சை அவர் ஊர் ஏற்றுக்கொண்டதா என்று எனக்குத் தனி மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். இறந்து ஒன்பது வருஷம் கழித்து, 1982-ல், இண்டிபெண்டன்ஸ் சமுதாயக் கல்லூரியில் அவர் பெயரில் நாடக விழா தொடங்கியது. நாடகாசிரியர்கள் ஆர்தர் மில்லர், ஆகஸ்ட் வில்சன் எல்லாம் அந்த விழாவில் கௌரவிக்கப்பட்டவர்கள். அவர் வளர்ந்த வீட்டில் இப்போது இளம் நாடகாசிரியர்கள் வந்து தங்கி எழுதுகிறார்கள். அந்த மூன்று ஆசிரியைகள் சாப்பிட்ட வீடு மாதிரி, மறுபடியும் வெளியூர்க்காரர்கள் தங்குகிற வீடு.

ஊர் மயானத்தில்தான் அவர் இருக்கிறார். கல்லில் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கீழே ஒரே ஒரு சொல்: நாடகாசிரியர்.

---

மிச்சிகன் வாசி

அரங்கவாசி சார், ஒன்று விட்டுப்போச்சு. ஜோன்ஸ் முதன்முதலில் நாடக வேலை பார்த்தது அவர் வளர்ந்த கவுண்டியிலேயே மனிஸ்டி ஊர் ராம்ஸ்டெல் தியேட்டரில். மரவேலை, மேடை நிர்வாகம், அப்புறம் நடிப்பு. 1955-ல் அங்கேதான் ஒதெல்லோவாக நின்றார். 1903-ல் திறந்த கட்டடம், இன்றைக்கும் இருக்கு. இங்கிருந்து நாலு மணி நேர ஓட்டம். பனி விலகினதும் போறேன். அப்படியே பிரெத்ரன் பள்ளிப் பக்கமும் போய்ப் பார்த்துட்டு படம் போடுறேன்.

---

அரங்கவாசி

போங்க, கட்டாயம் போங்க. மேடைக்குப் பின்னால் அனுமதித்தால், மரவேலை செய்கிற இடத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க.